கன்னக்கோல்

சென்ற மாதம் ஓரிரவு, பத்து மணிக்கு மேல், மொழிபெயர்ப்பாள நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஆங்கிலத் துப்பறியும் நாவல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறார். அதன் நாயகன் ஒரு கொண்டை ஊசியையும் மெல்லிய கம்பியையும் மட்டும் வைத்துக்கொண்டு, எந்தப் பூட்டையும் சேதமில்லாமல் திறந்துவிடுகிறான். 'லாக் பிக்கிங்' என்பதற்கு நல்ல பழைய தமிழ்ச்சொல் ஒன்று வேண்டும் என்றார். 'கள்ளச்சாவி போட்டுத் திறந்தான்' என்று எழுதியிருந்தாராம். அவன் கையில்தான் சாவியே இல்லையே என்று மெய்ப்புப் பார்த்தவர் கேட்டுவிட்டாராம்.

யோசிக்காமல் "கன்னக்கோல்" என்றேன்.

"அது சுவரைத் துளைக்கிற கருவி இல்லையா சார்?" என்றார் நண்பர்.

அவர் சொன்னதுதான் சரி. கன்னம் என்பது திருடன் சுவரில் இடும் துளை. கன்னக்கோல் அந்தத் துளையை இடும் இரும்புக்கோல். இத்தனை வருடம் அகராதிகளோடு குடும்பம் நடத்திவிட்டு இந்தப் பிழையை எப்படிச் செய்தேன் என்று அன்றிரவு எனக்கே வெட்கமாக இருந்தது. பிறகு நினைவு வந்தது. நான் இந்தச் சொல்லை அகராதியில் கற்கவில்லை. சின்னத் தாத்தாவிடம், ஒரு பூட்டின் முன்னால் உட்கார்ந்து கற்றேன்.

மதுரைக்கு மேற்கே எங்கள் அப்பத்தாவின் வீடு இருந்தது. பச்சைச் செங்கல்லும் சேறும் வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசிய பழைய வீடு. உள்ளறையின் மேற்குச் சுவரில், தரையிலிருந்து இரண்டு சாண் உயரத்தில், ஒரு முறம் அகலத்துக்குப் பூச்சு வேறு நிறத்தில் இருக்கும். எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அந்த இடம் மட்டும் மழைக்காலத்தில் தனியாகத் தெரியும். எழுபதுகளில் கோடை விடுமுறைக்குப் போகிற பிள்ளைகள் எங்களுக்கு அது ஒரு புண்ணியத்தலம் மாதிரி. "இங்கதான் கன்னம் வெச்சான்" என்று அடுத்த தெருப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுவோம்.

கதை இதுதான். 1954ஆம் வருடம் தை மாதத்து இருட்டில் திருடன் சுவரைத் துளைத்து உள்ளே வந்தான். தேக்குப் பெட்டியிலிருந்து அப்பத்தாவின் காசுமாலையும் இரட்டைவடச் சங்கிலியும் போயின. பெட்டியின் பூட்டு உடைந்திருக்கவில்லை, திறந்து தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தோட்டத்தில் காவல் பார்த்துவந்த ஒருவரைத்தான் ஊர் பிடித்தது. சாவடியில் வைத்து இரண்டு நாள் அடித்தார்கள். நகை வரவில்லை. ஒரு வாரத்தில் அவர் மனைவி மக்களோடு ஊரைவிட்டுப் போனார்.

இந்தக் கதையைச் சொல்வதில் தாத்தாவின் தம்பியான சின்னத் தாத்தாவுக்கு நிகர் யாருமில்லை. பூட்டு எப்படித் திறந்தது என்று நாங்கள் கேட்டால், மாட்டுத்தொழுவத்துப் பூட்டைக் கொண்டுவரச் சொல்வார். வளைத்த கம்பி ஒன்றை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பூட்டைக் காதருகே வைத்துக்கொள்வார். "பூட்டு பேசும்டா. காதைக் குடுத்துக் கேட்டா தானா வாயத் தொறந்துரும்" என்பார். திறந்துவிடும். கம்பியைத் தூக்கிக் காட்டி, "இதான் கன்னக்கோலு" என்பார். கன்னக்கோல் என்றால் பூட்டு திறக்கும் கம்பி என்று என் மனத்தில் பதிந்தது இப்படித்தான்.

நிற்க. சொல்லுக்கு வருகிறேன்.

கன்னம் என்றதும் இன்று நமக்கு முகம்தான் நினைவுக்கு வருகிறது. திருட்டுக் கன்னம் வேறு சொல். தெலுங்கில் 'கன்னமு' என்றால் துளை; சுவர் துளைத்துத் திருடுகிறவன் 'கன்னப்பு தொங்க'. கன்னடத்தில் 'கன்ன' என்றாலே திருடன் சுவரில் இட்ட ஓட்டைதான், அவன் 'கன்னகள்ள'. மலையாளத்திலும் கன்னக்கோல் உண்டு. தெற்கே நான்கு மொழிக்காரர்களும் ஒரே சொல்லைச் சொல்லிக் கதவடைத்துப் படுத்திருக்கிறார்கள். நுங்குக் கண், சல்லடைக் கண் என்று துளைக்குக் கண் என்ற பெயரும் நம்மிடம் இருப்பதால் அதையும் இதையும் முடிச்சுப் போடச் சிலருக்கு ஆசை வரும். தமிழில் ணகரமும் னகரமும் அவ்வளவு எளிதாக இடம் மாறிக்கொள்வதில்லை என்பதால் நான் அந்த ஆசையை அடக்கிக்கொள்கிறேன்.

ஏன் சுவர், ஏன் பூட்டில்லை என்பது முக்கியமான கேள்வி. நம் பழைய வீடுகளில் இரவில் கதவை அடைத்துக் காத்தது உள்ளே குறுக்காகப் போடும் தாழ். உள்ளிருக்கும் தாழுக்கு வெளியில் துவாரம் ஏது? திருடன் எதற்குள் கம்பியை நுழைப்பான்? கதவோ கனமான மரம். ஆனால் அதே வீட்டின் சுவர் மண். ஆகவே அவன் வாசலை விட்டுவிட்டுச் சுவருக்குப் போனான். சுட்ட செங்கல்லும் சிமெண்டும் பரவியபோது கன்னம் பிழைப்புக்கு ஆகாமல் போயிற்று. வெளியே தொங்கும் பூட்டு வந்தபோது கள்ளச்சாவி வந்தது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுகளின் பெருமையே கள்ளச்சாவிக்கு மசியாததுதான். 'பூட்டு' என்ற சொல்கூட முதலில் பிணைப்பதைக் குறித்தது. ஏரில் மாட்டைப் பூட்டுகிறோம், வில்லில் நாணைப் பூட்டுகிறோம். 'சாவி' போர்ச்சுகீசியர் கொடுத்துப் போனது.

அவர்கள் வருவதற்கு முன் சாவிக்கு நாம் என்ன சொன்னோம்? திறவுகோல். அதற்கும் முன்னால், தாழக்கோல். இந்த ஒரு சொல்லுக்காகவே தொல்காப்பியத்தில் ஒரு நூற்பா இருக்கிறது. 'தாழ்' என்பதோடு 'கோல்' சேரும்போது நடுவே அக்குச் சாரியை வரும் என்று எழுத்ததிகாரம் விதி சொல்கிறது. கல்லூரியில் அதைப் படித்தபோது சாரியை மட்டும்தான் கண்ணில் பட்டது. இப்போது கோல் கண்ணில் படுகிறது. வீட்டுக்காரன் கையிலும் கோல், திருடன் கையிலும் கோல்.

கன்னம் வைப்பதை ஒரு கலையாகவே பழைய இலக்கியங்கள் பேசுகின்றன. மதுரைக்காஞ்சியில் நள்ளிரவு மதுரையின் திருடர்கள் வருகிறார்கள். காலில் செருப்பு, இருளோடு கலக்கும் நீலக் கச்சு, இடுப்பில் சுற்றிய நூலேணி, நிலத்தைத் தோண்டும் உளி என்று ஒவ்வொன்றையும் மாங்குடி மருதனார் பட்டியல் போடுகிறார். அவர்களைத் தேடித் திரியும் ஊர்க்காவலர்களும் நூல் கற்றுத் தேர்ந்தவர்கள் என்று அவர் சொல்வதுதான் எனக்குப் பிடித்த இடம். திருடனுக்கும் காவலனுக்கும் பாடம் இருந்திருக்கிறது.

வடமொழியில் இதைவிட விரிவான காட்சி சூத்திரகரின் மிருச்சகடிகத்தில் வருகிறது (பண்டிதமணி கதிரேசச் செட்டியார் இதை 'மண்ணியல் சிறுதேர்' என்று தமிழாக்கியிருக்கிறார்). சர்விலகன் என்ற அந்தணன் சாருதத்தனின் வீட்டில் கன்னம் வைக்கிறான். சுட்ட கல் என்றால் உருவ வேண்டும், சுடாத கல் என்றால் வெட்ட வேண்டும், மண்சுவர் என்றால் நீர் தெளித்து நனைக்க வேண்டும், மரம் என்றால் பிளக்க வேண்டும். துளையைத் தாமரை வடிவில் இடுவதா, பிறை வடிவில் இடுவதா, நிறைகுட வடிவில் இடுவதா என்று வேறு யோசிக்கிறான். அளவுநூலை மறந்து வந்துவிட்டதால் மார்பில் கிடக்கும் பூணூலைக் கழற்றிச் சுவரை அளக்கிறான். மறுநாள் சாருதத்தன், பறிகொடுத்ததைக்கூட மறந்து, துளையின் அழகை வியக்கிறான்.

களவு நூலுக்கு ஆசிரியராகக் கரபடர் என்றொரு பெயரும் வழங்கிவந்திருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியிலிருந்து ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனத்தில், குடிவெறியிலிருக்கும் கபாலி அவருக்கு ஒரு வணக்கம் போடுகிறான். தமிழ் அகராதிகளில் களவுக்குக் 'கரவடம்' என்ற சொல் இருக்கிறது. கரபடரின் பெயர் அதில் ஒலிக்கிறது. ஒளித்தல் என்று பொருள்படும் நம் 'கரவு' என்ற சொல்லும் அதிலேயே ஒலிக்கிறது. ஒரு சொல்லுக்கு இரண்டு தகப்பன்மார் சண்டைக்கு நிற்பது போல.

இவையெல்லாம் படிக்கச் சுவையானவை. இவற்றில் திருட்டு ஒரு செயல், ஒரு வித்தை. அதைக் கற்றவன் செய்கிறான், அந்தணனும் செய்யலாம். 1860இல் இயற்றப்பட்டு 2024 ஜூன் வரை நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்திலும், வீடுடைத்தலை விளக்கும் 445ஆம் பிரிவின் முதல் எடுத்துக்காட்டு கன்னம்தான்: ஒருவன் சுவரில் துளையிட்டு உள்ளே கையை விடுகிறான், அது வீடுடைத்தல். தொலைந்த சாவியைக் கண்டெடுத்துக் கதவைத் திறந்து நுழைந்தாலும் அதே குற்றம்தான் என்கிறது இன்னோர் எடுத்துக்காட்டு. யார் பிள்ளை என்ற கேள்வி அங்கே இல்லை.

அந்தக் கேள்வி வேறொரு சட்டத்தில் வந்தது. 1871இல் வட இந்தியாவில் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. எங்கள் பக்கத்தில் அதற்குக் கைரேகைச் சட்டம் என்று பெயர். குறிப்பிட்ட சாதிகளில் பிறந்த ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். இரவில் சொந்த வீட்டில் படுக்காமல் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். அதை எதிர்த்து நின்றதற்காக 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் நீங்கியது. 1952இல் நாடு முழுவதும் நீங்கியது. எங்கள் வீட்டில் கன்னம் விழுந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. பதிவேடு போய்விட்டது. ஆனால் யார் பெயர் அதில் இருந்தது என்பது ஊருக்கு மனப்பாடம். எங்கள் தோட்டக் காவல்காரரின் பெயரும் ஒரு காலத்தில் அதில் இருந்தது. அவரைப் பிடிப்பதற்கு வேறு சாட்சி எதுவும் தேவைப்படவில்லை.

2008இல் அந்த வீட்டை இடித்தோம். மேற்குச் சுவரை இடிக்கும்போது நானும் அப்பாவும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். பூச்சு வேறாகத் தெரிந்த இடம் வந்ததும், பிள்ளைப் பருவத்துப் பெருமையோடு கொத்தனாரிடம் கன்னக் கதையைச் சொன்னேன். அவர் பூச்சை உதிர்த்துப் பார்த்தார். சுற்றிவந்து வெளிப்பக்கம் பார்த்தார். மறுபடி உள்ளே வந்தார்.

"வெளிய இருந்து குடையுறவன் வெளிய அகலமாத் தோண்டி உள்ள வரவரக் குறுக்குவாங்க. இது உள்ளாற அகலம், வெளிய குறுகல். உள்ள நின்னு குடைஞ்சிருக்காங்கய்யா."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கொத்தனாரைப் பார்த்து, "வேலையப் பாருங்கப்பா, வெயில் ஏறுது" என்றார்.

அன்றிரவு, நான் எதுவும் கேட்காமலே, அப்பா பேசினார். அப்போது அவருக்கு எட்டு வயது. விடியுமுன் விழிப்புத் தட்டி உள்ளறைக்குப் போயிருக்கிறார். சுவரில் ஓட்டை. தரையில் மண் குவியல். சுவரைத் துளைக்கிறவன் மண்ணைத் தன் பக்கமாகத்தானே இழுத்துப் போடுவான். அப்பத்தா முறத்தில் அந்த மண்ணை அள்ளி அள்ளி ஓட்டை வழியாக வெளியே கொட்டிக்கொண்டிருந்தாராம். மகனைப் பார்த்ததும், "போய்ப் படுடா" என்றாராம். முழுவதும் கொட்டித் தரையைச் சாணியிட்டு மெழுகிய பிறகுதான் "திருடன், திருடன்" என்று கத்தியிருக்கிறார்.

"அந்த வருஷம் சித்தப்பாவுக்கு மதுரையில கடன் கழுத்தை நெரிச்சுச்சு" என்றார் அப்பா. அவருக்குச் சித்தப்பா என்றால் எனக்குச் சின்னத் தாத்தா. அதற்குமேல் சொல்லவில்லை. ஐம்பத்து நான்கு வருடம் அப்பாவும் இந்தக் கதையை எங்களோடு உட்கார்ந்து கேட்டிருக்கிறார். சின்னத் தாத்தா பூட்டைத் திறக்கும்போது எங்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறார். அப்பத்தா ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டேன். "வீட்டு மானம்" என்றார். சாவடியில் அடி விழுந்த சத்தம் வீடு வரைக்கும் கேட்டதா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. சாவடி எங்கள் வீட்டிலிருந்து நான்காவது மனை.

நண்பரின் தொலைபேசிக்குப் பிறகு அந்தப் பழைய நூல்களை மறுபடி எடுத்தேன். முதலில் படித்தபோது வித்தையை மட்டும் பார்த்திருந்தேன். இப்போது வேறொன்று தெரிந்தது. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் கோவலனைப் பார்த்த காவலர்கள் இவன் முகம் கள்வன் முகமாக இல்லையே என்று தயங்குகிறார்கள். அப்போது பொற்கொல்லன் களவு நூலை ஒப்பிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டையும் விளக்குகிறான். அவ்வளவு நேர்த்தியாகச் சொல்கிறவன்தான் அரசியின் சிலம்பைத் திருடியவன். கேட்டுக்கொண்டு நிற்கிற வெளியூர்க்காரன்தான் சாகப்போகிறவன். மத்தவிலாசத்தில் கபாலி கரபடரை வணங்குவதும் ஒரு பௌத்தத் துறவியின் மேல் பழிபோடும் இடத்தில்தான். அவனுடைய கபாலத்தை உண்மையில் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய். சாருதத்தனும் துளையின் அழகை வியந்து முடித்த பிறகு, கன்னம் வைத்துத்தான் போயிற்று என்று சொன்னால் ஏழையான என்னை யார் நம்பப்போகிறார்கள் என்று கலங்குகிறான். களவு நூல் பேசப்படும் இடத்திலெல்லாம் பக்கத்தில் ஒரு குற்றமற்றவன் நிற்கிறான். நாற்பது வருட வாசிப்பில் அவனை நான் கவனித்ததில்லை. எனக்கு இந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தவர் அவ்வளவு அழகாகச் சொல்லிக்கொடுத்தார்.

சின்னத் தாத்தா 1987இல் இறந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவேண்டும் என்று பலமுறை முயன்றிருக்கிறேன். பூட்டைக் காதருகே வைத்துக் கண்மூடியிருக்கும் அந்த முகம்தான் வருகிறது. அப்பாவும் 2015இல் போய்விட்டார். காவல்காரரின் குடும்பம் தேனிப் பக்கம் போனதாக அப்பா கேள்விப்பட்டிருந்தார். ஒருமுறை தேனிக்கு ஒரு திருமணத்துக்குப் போனபோது பழைய ஊர்க்காரர் ஒருவரிடம் விசாரித்தேன். "எதுக்குக் கேக்குறீங்க?" என்றார். "சும்மாதான்" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டேன். அந்தச் 'சும்மாதான்' இன்னும் உறுத்துகிறது.

நண்பருக்கு மறுநாளே பதில் எழுதினேன். சாவியில்லாமல் திறப்பதற்குக் கன்னக்கோல் பொருந்தாது. 'கம்பியால் நெம்பித் திறந்தான்' என்று நேராக எழுதிவிடுங்கள், வாசகனுக்கு அது போதும் என்றேன். கன்னக்கோல் இல்லாதது கொஞ்சம் வருத்தம்தான் சார் என்று பதில் வந்தது.

எனக்கு அந்த வருத்தம் இல்லை. அந்தச் சொல் சுவருக்கே இருக்கட்டும். காவல்காரரின் பெயர் எனக்குத் தெரியும். ஊர் அந்தப் பெயரை ஏற்கெனவே வேண்டிய மட்டும் சொல்லிவிட்டதால் இங்கே எழுதவில்லை. அவர் எங்கள் வீட்டில் திருடவில்லை என்பதை மட்டும் எழுதிவைக்கிறேன். எங்கள் குடும்பத்தில் இதை எழுதிவைப்பது இதுவே முதல் தடவை.